பூங்காவனத்தைச் சுற்றிப் பன்னிரண்டு அடி

பாலாற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஷூ கம்பெனியில், நாலாம் லைனில், ஷூவின் மேல்தோலைத் தைக்கிற மிஷினில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்த பூங்காவனத்தைச் சுற்றி, ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, யாருக்கும் எதுவும் வேண்டாமல் போயிற்று. டீ வண்டி வருகிறதா என்று அன்றைக்கு நாலாவது தடவையாகக் கழுத்தை நீட்டிய பக்கத்து மிஷின் ரஜியா, நீட்டிய கழுத்தை மடக்கிக்கொண்டு, வராவிட்டால்தான் என்ன என்று நினைத்தாள்; எதிர் மிஷினில் இருந்தவள், ஓடாத ஃபேனைப் பார்த்து தினமும் விடுகிற வசவை வாய்க்குள்ளேயே கரைத்துவிட்டாள்; தோல் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடுவே போனவள் அப்படியே நின்று, இந்தக் கட்டு இத்தனை கனமாக இருப்பதுகூட ஓர் அழகுதான் என்று சொல்லி, சொன்ன பிறகும் வெட்கப்படவில்லை.

மத்தியானத்துக்குள் எங்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ரஜியா கட்டிங் செக்‌ஷனிலிருந்து டேப்பை வாங்கி வந்து அளந்தாள். பூங்காவனம் இருக்கும் இடத்திலிருந்து எந்தப் பக்கம் போனாலும் பன்னிரண்டு அடி. அதற்குள் நின்றால் இருப்பதெல்லாம் போதுமென்று இருந்தது. பதின்மூன்றாவது அடியில் கால் வைத்ததும், வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு அங்கேயே கிடப்பதுபோல, முதுகுவலியும் மாமியார் சொன்ன சொல்லும் வாங்காமல் விட்ட பட்டமும் அப்படியப்படியே நமக்காகக் காத்துக்கொண்டிருந்தன. ஏன் இப்படி என்று நாங்கள் கேட்கவில்லை. போன வருஷம் மழை ஏன் பொய்த்தது என்றும் நாங்கள் கேட்டதில்லை.

"உனக்கு இன்னாக்கா தோணுது?" என்று ரஜியா மட்டும் அவளைக் கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் புதுசா இல்லடி. எப்பவும் போலத்தான் இருக்குது" என்றாள் பூங்காவனம், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

அது உண்மை. முப்பத்தெட்டு வயசில், தகரம் வேய்ந்த ஒரு வீட்டையும், அதன் பின்னால் ஒரு முருங்கையையும், தண்ணீர் லாரி ஓட்டுகிற ஏகாம்பரம் என்ற கணவரையும் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தால் உலகத்தில் இனிச் சேர்க்க ஒன்றுமில்லை என்று இருக்கத் தெரிந்தவள் அவள். அவளுடையது அவளிடம் முன்பே இருந்தது. அன்றைக்கு அது கொஞ்சம் வெளியே வழிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அவளுக்கு ஓர் ஆசையும் இருந்தது. இதைத்தான் எங்கள் ஊர் கடைசிவரைக்கும் புரிந்துகொள்ளவில்லை. ஒரு ஷூவை அட்டையில் வரைந்து, வெட்டி, இந்தத் தோல் இந்த இடத்தில் மடிந்தால்தான் ஒரு கால் உள்ளே நோகாமல் நுழையும் என்று முடிவு செய்கிற பேட்டர்ன் ரூமுக்குள் போக வேண்டும் என்று அவள் ஏழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆறு மேஜை, ஆறு ஆண்கள், ஒரு ஏசி. பெண்பிள்ளை யாரும் அதன் வாசல்படியைத் தாண்டியதில்லை, கூட்டுகிறவள் தவிர. பூங்காவனம் பழைய காலண்டர் தாள்களில் வீட்டில் வரைந்து பழகினாள். தெருவில் யார் கால் வீங்கி நடந்தாலும் கூப்பிட்டு உட்காரவைத்து, பாதத்தைத் தாளில் வைத்து அளவெடுத்தாள். சாமிப் படங்களின் பின்பக்கம் முழுக்க எங்கள் தெருவின் கால்கள் இருந்தன.

ஊருக்கு அவள் ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். பெண் பார்க்க வந்து இன்னும் இது வேண்டும் அது வேண்டும் என்று அடுக்குகிற மாப்பிள்ளை வீட்டார் நடுவே அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். பையனின் அம்மா பாதி வாக்கியத்தில் நிறுத்தி, பெண் நன்றாகச் சிரிக்கிறாள், அது போதும் என்றாள். தெருமுனை திரும்பியதும் மீதி வாக்கியம் ஞாபகம் வந்து மறுநாள் ஆள் அனுப்பினாள். கோயிலில் அவளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் கேட்க வந்ததை மறந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள், வரிசை மளமளவென்று நகர்ந்தது, பூசாரிக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. புடவைக் கடைக்காரர் அவளுக்கென்று எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு ஸ்டூல் போட்டு, அம்மா நீங்க இந்தப் பக்கமாவே போயிடுங்க என்று கை கூப்பினார். டாக்டராக ஆக்குகிறோம் என்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட கோச்சிங் சென்டரோ, பூங்காவனம் என்பவர் இத்தெரு வழியாக வர வேண்டாமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று போர்டே வைத்துவிட்டது. ஏகாம்பரம் தனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். காலையில் அவள் பக்கத்தில் கண் விழித்தால் வேலைக்குப் போகத் தோன்றாதென்று அவருக்குத் தெரிந்துவிட்டதால், விழித்ததும் யோசிக்காமல் பாயோடு உருண்டு உருண்டு வாசலைத் தாண்டிப் போய், அங்கே எழுந்து உட்கார்ந்து, லாரிச் சாவியைத் தேடுவார்.

எல்லோருக்கும் கடைசியாகத்தான் கம்பெனி கவனித்தது, எல்லோரையும்விட அதிகமாக. மேனேஜர் சத்தியநேசன் தன் நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, நாலாம் லைனிலிருந்து மூன்று மாதமாக ஒரு புகார்கூட இல்லை. ஷிஃப்டுக்கு இரண்டு முறைதான் பாத்ரூம், அதற்கும் டோக்கன் என்று வைத்திருந்தார்கள். மற்ற லைன்களில் அதற்குச் சண்டை நடக்காத நாளில்லை. நாலாம் லைனில் டோக்கன்கள் எண்ணி வைத்தபடி அப்படியே இருந்தன. அவருக்குக் கண் திறந்தது.

அவர் அவளிடம் நேரில் பேசவில்லை. கிட்டே போனால் வந்த காரியம் மறந்துபோகும் என்பதால் போனில் கூப்பிட்டார். "இனிமே நீ தைக்க வேணாம்மா. ஹால் நடுவுல சேர் போடறோம், சும்மா உக்காரு. ஆறு மாசம். அப்புறம் உன்னைப் பேட்டர்ன் ரூமுக்கு எடுத்துக்கறேன்."

"எழுதிக் குடுப்பீங்களா சார்?"

"என் வாய் வார்த்தை போதாதா?"

ஏழு வருஷ ஆசைக்கு முன்னால் ஆறு மாதம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை அவளுக்கு. உட்கார்ந்தாள். ஹால் பெரிது, பன்னிரண்டு அடி எட்டவில்லை என்றதும் சேருக்குச் சக்கரம் வைத்தார்கள். தள்ளிக்கொண்டு போன சூப்பர்வைசர்கள் பாதி வழியிலேயே திருப்தியாகி நின்றுவிட்டதால், பதினைந்து அடிக் கயிறு கட்டி, தேரை இழுப்பதுபோல முன்னாலிருந்து இழுத்து, மணிக்கு ஒரு லைனாக அவளைச் சுற்றிக் காட்டினார்கள். எங்கள் ஹாலிலேயே நேராகத் தையல் ஓட்டுகிற கை அவளுடையது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, சாமி சிலை மாதிரி அவள் எங்களைக் கடந்து போவதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். இதைச் சொல்ல இப்போது வாய் கூசுகிறது. நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். என் லைனுக்கு முதலில் கொண்டுவாங்க என்று கெஞ்சினோம். அவள் போன பிறகும் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தோம், கேட்க வேண்டியதைக் கேட்காமல். கம்பெனியில் காட்டாத கோபம் வழியில் எங்கேயும் தொலையவில்லை. பஸ்ஸில் எங்களோடு ஏறி, வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் முதுகில் இறங்கியது.

ஆறு மாதம் இரண்டு வருஷம் ஆனது. அவள் ஐந்து கடிதம் எழுதினாள். நேரில் கேட்கப் போனால், அவள் உள்ளே நுழைந்ததுமே மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து, எல்லாம் நன்றாகத்தானே போகிறது என்று புன்னகை செய்வார். அந்த முகத்திடம் எதைக் கேட்பது? ஐந்தாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. ரஜியா அதை வாங்கி எங்களுக்குப் படித்துக் காட்டினாள்: தாங்கள் மனநிறைவுக்கு எடுத்துக்காட்டாகத் திகழ்வதால், தங்களுக்குப் பதவி உயர்வு தேவைப்படாது என்று நிர்வாகம் கருதுகிறது.

படித்தபோது ரஜியா பன்னிரண்டு அடிக்குள் நின்றிருந்தாள். "நல்லாத்தான எழுதி இருக்காங்க" என்றாள்.

பூங்காவனம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை ரஜியா அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு, சாப்பிடாமல் படுத்தாள்.

அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. கப்பல் ஏறும்வரை ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்றார்கள். ஒவ்வொரு லைனிலும் சேர் வந்து நிற்கும்போது அறிவித்ததால் சரி என்றோம். வாரங்கள் ஓடின. ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குமுதவல்லி என்று பத்தொன்பது வயசுப் பெண், தூக்கக் கலக்கத்தில் பெடலை மிதித்தபடி கையை உள்ளே கொடுத்துவிட்டாள். ஊசி நகத்தின் மேலே இறங்கி அடியில் வந்துவிட்டது. மிஷின் நின்றது.

சுற்றியிருந்த மிஷின்களில் யாரும் எழுந்திருக்கவில்லை. சேர் அவளிடமிருந்து நாலடியில் இருந்தது. நாங்கள் பார்த்தோம், எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, வெள்ளைத் தோலில் ரத்தம் பரவுவதைப் பார்த்துக்கொண்டே, பரவாயில்லை என்று எங்களுக்குத் தோன்றியது. குமுதவல்லியும் தன் விரலை யாருடையதோபோலப் பார்த்து, "இருக்கட்டும்க்கா. இப்படியே இருந்துக்கறேன்" என்று சிரித்தாள்.

பூங்காவனம் சேரைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே ஏற்றினாள். முறிந்த முனை விரலுக்குள்ளேயே நின்றது. முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். "வலிக்குதுன்னு சொல்லுடி" என்றாள். குமுதவல்லி சிரித்தாள். "சொல்லுடி பாவி, வலிக்குதுன்னு ஒரு வாட்டி சொல்லு!" அந்தப் பெண் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், உதடு வெளுத்துக்கொண்டே போனது. பூங்காவனம் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஹாலைத் தாண்டி, கேட்டைத் தாண்டி ஓடினாள். வெளியே ஏகாம்பரம் கம்பெனித் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவரும் சிரித்தார். ஆனால் அவளிடமிருந்து விலகுவதற்கு உடம்பைப் பழக்கியிருந்த ஒரே மனுஷர் அவர்.

"இவளை வாங்கிக்க. வாங்கிக்கினு ஓடு. நெனைக்காத, ஓடு!"

அவர் வாங்கிக்கொண்டு ஓடினார். அவள் எதிர்த்திசையில் ஓடி, மதிலில் முதுகை ஒட்டி நின்றாள். எட்டு அடி, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அப்புறம் குமுதவல்லி அலறினாள். அந்த அலறலைக் கேட்ட பிறகுதான் பூங்காவனத்துக்கு மூச்சே வந்தது. லாரி ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், கிலோமீட்டர் கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் ஆள் அனுப்பினார். போன ஆள் திரும்பி வரவில்லை. அவள் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவரை அனுப்பினார், அவரும் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மேனேஜரே தீ விபத்துப் பயிற்சிக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு கேட்டில் நின்றார்.

"பூங்காவனம்! உள்ள வாம்மா! ஒரு சின்ன விஷயத்தை ஏன் பெரிசு பண்றே? உனக்கு நலன் அதிகாரின்னு பதவி குடுக்கறோம்!"

சாலையில் போனவர்கள் எல்லாம் நின்றார்கள். அவளிடம் ஒலிபெருக்கி இல்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"நான் கேட்டது இன்னா, நீங்க குடுக்கறது இன்னா? ஒரு மேஜை கேட்டேன். ஒரு ஸ்கேலு கேட்டேன். நிறைஞ்ச மனசு எனக்கு இருக்குது சார், ஆமா. அது நான் சாயங்காலம் என் வீட்டு வாசல்ல உக்காந்து சேர்த்தது. அதை எடுத்து இந்தப் பொண்ணுங்க வாயில துணியா அடைக்கறதுக்கு நீங்க யாரு? மனசு நிறைஞ்சவளுக்கு வேலைல மேல வர ஆசை இருக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? போதும்னு சொல்றதா இருந்தா அதை நான் சொல்லணும். எனக்காக நீங்க சொல்லாதீங்க!"

இதற்குள் ஹாலில் அவள் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தே பழகிய நாங்கள், அவள் வந்துவிடுவாள் என்று தைத்துக்கொண்டிருந்தோம். முதலில் ரஜியாவுக்குத்தான் சுரணை வந்தது. அவள் தன் எதிரே இருந்த மிஷினில், காய்ந்துகொண்டிருந்த ரத்தத்தைப் பார்த்தாள், தான் அதைப் பார்த்துக்கொண்டே தைத்ததை நினைத்தாள், எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அடுத்தவளுக்கு. அப்புறம் லைன் லைனாக. இரண்டு வருஷத்து டோக்கன்கள், ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள், ஓடாத ஃபேன், காரணமில்லாமல் அடி வாங்கிய எங்கள் பிள்ளைகளின் முகம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து எங்கள் கழுத்தைப் பிடித்தன. முந்நூற்று நாற்பது மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தக் கட்டடத்தில் அப்படி ஓர் அமைதியை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

வெளியே வந்தோம். அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் கால் போனது.

"கிட்ட வராதீங்கடி!" என்று அவள் கத்தினாள். "அங்கயே நில்லுங்க. வந்தா விட்டுடுவீங்க!"

ரஜியா இடுப்பிலிருந்து தோலில் குறிபோடும் சாக்பீஸை எடுத்தாள். பதின்மூன்றாவது அடியில், தார்ச்சாலையின் குறுக்கே, பூங்காவனத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். கல்லுக்குப் பின்னால் இருந்த மண்ணில் காலால் கிழித்தாள். கோட்டுக்கு வெளியே நாங்கள் நின்றோம், எங்கள் கோபத்தைக் கையில் விளக்குபோலக் காற்றுப் படாமல் வைத்துக்கொண்டு. பஸ்கள் சுற்றிக்கொண்டு போயின. இருட்டியதும் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ச் சமைத்துவிட்டு, விடியும்போது மாற்றிக்கொள்ள வந்தார்கள்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். காரிலிருந்து இறங்கி, எங்களைப் பார்க்காமல், நேராகக் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்தார். நாங்கள் அடியை எண்ணினோம். பன்னிரண்டு. எட்டு. நாலு. இதோ இப்போது இவருக்கும் போதும் என்று வந்துவிடும், இந்தக் கட்டடம், இந்தக் கார், இதெல்லாம் போதும் என்று நம்மைப் பார்த்துச் சிரிப்பார், ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார் என்று, வெட்கத்தை விட்டுச் சொன்னால், நாங்கள் நம்பினோம். அவர் பூங்காவனத்தின் முன்னால் ஒரு கை தூரத்தில் நின்றார்.

"பத்தொன்பதாம் தேதி கப்பல்" என்றார். "நாப்பதாயிரம் ஜோடி. அடுத்த சீசனுக்கு அறுபது கேக்கலாம்னு இருக்கேன். என்ன விளையாடறீங்க?"

அவர் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. பூங்காவனம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள், கால் அளவெடுப்பவள் பார்ப்பதுபோல. "இவ்ளோ கிட்ட நின்னும் உங்களுக்கு ஒண்ணும் தோணலயா சார்?" என்று கேட்டாள்.

"என்ன தோணணும்?"

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "பார்த்துக்கினீங்களா" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்துக்கொண்டோம். அதுவரை எங்களில் சிலருக்கு இருந்த கடைசிச் சந்தேகமும் அத்தோடு போயிற்று. மனசு நிறைவதெல்லாம் எங்களுக்கு மட்டும் போட்ட சட்டம். புதன்கிழமை சாயங்காலம், கப்பல் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால், வேறு எதனாலும் இல்லை, கார் பானெட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஞாயிறு விடுமுறை. டோக்கன் கிடையாது. குமுதவல்லிக்கு விரல் ஆறும்வரை சம்பளத்தோடு லீவு. பேட்டர்ன் வரைவதற்கான அரசாங்கப் பரீட்சையில் தேறினால் பெண்களும் பேட்டர்ன் ரூமுக்குப் போகலாம். கடைசி வரி பூங்காவனம் சொல்லி ரஜியா எழுதியது.

பரீட்சை பக்கத்து ஊரில் நடந்தது. ஹாலில் நாற்பது பேர், பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகள், பென்சிலைச் சீவிச் சீவி முனையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பூங்காவனம் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்று கண்காணிப்பாளரைக் கூப்பிட்டாள். வராந்தாவின் கோடியில் தனியாக ஒரு மேஜை வேண்டும் என்றாள்.

"ஏம்மா? உள்ளே ஃபேன் இருக்கே?"

"இருக்கட்டும் சார். நான் பக்கத்துல உக்காந்தா அவங்க பென்சிலைக் கீழ வெச்சிடுவாங்க. ஆசைப்பட்டு வந்திருக்காங்க. அவங்க ஆசை அவங்ககிட்டயே இருக்கட்டும்."

வெயில் பட்ட அந்த வராந்தாவில், சுற்றிப் பன்னிரண்டு அடிக்கு ஒரு காக்காகூட இல்லாத இடத்தில், மூன்று மணி நேரம் குனிந்து வரைந்தாள். இரண்டாவதாகத் தேறினாள்.

ஊர் அதை அவ்வளவு சுலபமாக மன்னிக்கவில்லை. இத்தனை நாள் போதும் போதுமென்று இருந்தவளுக்கு இது என்ன பேராசை என்று டீக்கடையில் பேசினார்கள். அவளைப் போர்டு வைத்துத் தடுத்த கோச்சிங் சென்டர்க்காரரே, நம்மையெல்லாம் ஏமாற்றிவிட்டாள் என்றார். கல்யாணப் பேச்சுகளுக்கு அவளைக் கூப்பிடுவது நின்றது. ஏகாம்பரத்திடம் ஒருவர், என்னய்யா உன் சம்சாரம் இப்படி மாறிட்டா என்று கேட்டதற்கு, அவர், மாறலய்யா, காலைல நான் இன்னும் உருண்டுதான் போறேன் என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்தார்.

ஆறு ஆண்களுக்கு நடுவே அவளை உட்காரவைத்தால் அவர்கள் வேலையை மறந்துவிடுவார்கள் என்பதால், பின்பக்கத்துப் பழைய குடோனைக் காலி செய்யச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரிய ஜன்னல், நீள மேஜை, இரும்பு ஸ்கேல். முதல் வருஷத்தில் அவள் வெட்டிய பேட்டர்ன் ஒன்றில் பாதத்தின் பக்கவாட்டில் அரை விரற்கடை தாராளம் வைத்தாள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு என்று எழுதிக் கொடுத்தாள். அந்த மாடலுக்குத்தான் திரும்பத் திரும்ப ஆர்டர் வருகிறது. இப்போது டிசைன் படிப்புக்கும் தபாலில் சேர்ந்திருக்கிறாள். மேனேஜர் சத்தியநேசன் ஒருநாள் வாசலில், சரியாகப் பதின்மூன்றாவது அடியில் நின்று, "இதோட போதுமாம்மா, இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"போதுங்கறது எனக்கு எப்பவோ வந்தாச்சு சார்" என்றாள் அவள், தாளிலிருந்து தலை நிமிராமல். "படிக்க வேண்டியதுதான் இன்னும் பாக்கி."

அவளை யாரும் இப்போது கயிறு கட்டி எங்களிடம் இழுத்து வருவதில்லை. போக வேண்டும் என்று தோன்றினால் மத்தியானம் சாப்பிட்ட பிறகு நாங்களே போகிறோம். குமுதவல்லிகூட வருகிறாள், வளையாத விரலோடு. குடோன் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வோம். பத்து நிமிஷம் எங்களுக்கு எதுவும் வேண்டியிருக்காது. அது எவ்வளவு பெரிய சுகம் என்று சொன்னால் வராது. மணி அடித்ததும் எழுந்திருக்க வேண்டும், அதுதான் எங்களுக்குள் பேச்சு. சில நாள் யாருக்கும் எழுந்திருக்க மனசு வராது. அப்போது பூங்காவனம் ஸ்கேலை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து, எங்கள் கால்களைத் தாண்டித் தாண்டி வெளியே நடந்து, மைதானத்தின் கோடிக்குப் போய் நின்றுகொள்வாள். எங்களுக்கு எல்லாம் திரும்ப வந்துவிடும், முதுகுவலி, வீட்டுக்கவலை, நாலாம் லைனில் இன்னும் மாற்றாத அந்த ஃபேன். எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, ஃபேனைப் பற்றிக் கேட்க ஆபீஸுக்கு நடப்போம்.